தப்பான பதில் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும்

அறிவியல் கண்காட்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். தெர்மாகோலில் செய்த எரிமலை, பேட்டரியில் சுற்றும் கிரகங்கள், அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுக்கொண்டே ஒட்டிய காற்றாலை, அதன் பக்கத்தில் டை கட்டிக்கொண்டு ஒப்பிக்கும் பிள்ளை. ஒரு வரி மறந்தால் அந்தப் பிள்ளை முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். நடுவில் புகுந்து "இது ஏன் இப்படிச் சுத்துது?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல உங்களைப் பார்க்கும்.

வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் தாண்டி ரிங் ரோட்டுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் சில வருடங்கள் அறிவியல் டீச்சராக இருந்தேன். வாசலில் பெரிய பேனர். வெள்ளைக் கோட்டு போட்ட ஏதோ ஒரு வெளிநாட்டுப் பிள்ளை பூதக்கண்ணாடி வழியாக ஒரு கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு நிற்கும். கீழே, 'இங்கே கேள்விகள் வரவேற்கப்படுகின்றன' என்று எழுதியிருக்கும். உள்ளே வந்தால் வராண்டாவில் வாய்மேல் விரல் வைத்துக்கொண்டு வரிசையாகப் போக வேண்டும். வரவேற்பெல்லாம் வாசலோடு சரி.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் இருந்தது. நான் கோபக்காரி என்று பெயர் எடுத்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் பழக்கம்தான். ரெக்கார்டு நோட்டில் மூன்று கட்டங்கள் உண்டு. என்ன செய்தோம், என்ன பார்த்தோம், அதிலிருந்து என்ன தெரிந்தது. இந்தப் பிள்ளைகள் மூன்றையும் முந்தின நாளே டியூஷனில் எழுதி, ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு போட்டு, பூ வரைந்து கொண்டுவருவார்கள். பார்ப்பதற்கு முன்னாலேயே பார்த்ததை எழுதிவிடுவார்கள். சோதனை என்பது எழுதிவைத்ததற்கு மரியாதை செய்கிற ஒரு சடங்கு. டெஸ்ட் டியூபில் வேறு ஏதாவது நடந்துவிட்டால் டெஸ்ட் டியூபைத்தான் குற்றம் சொல்வார்கள்.

ஒருநாள் எல்லா நோட்டுகளையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். வெள்ளைத்தாள் ஒன்றைக் கையில் கொடுத்தேன். வெற்றிலைக் கடையில் வாங்கிய சுண்ணாம்பை முந்தின நாளே தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலாக இறுத்து எடுத்துவந்திருந்தேன். பள்ளியின் வழக்கப்படி லேப் அட்டெண்டர் அதில் இன்னும் ஒரு பங்கு தண்ணீரை ஊற்றிப் பெருக்கியிருந்தார். ஆளுக்குக் கொஞ்சம் டெஸ்ட் டியூபில், ஒரு ஸ்ட்ரா.

"இதுல ஊதுனா என்ன ஆகும்? உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல."

"லைம் வாட்டர் டர்ன்ஸ் மில்க்கி, மிஸ்!" என்று வகுப்பே கத்தியது.

"இன்னும் ஊதவே இல்லையேடா."

"ஆகும் மிஸ். ஒரு மார்க் கேள்வில இருக்கு."

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷைதான் முதலில் வரும். பள்ளியில் அது கணக்குப் பிரிவு அண்ணனைத் தவிர யாருக்கும் புரியாது என்பதால் தாராளமாகத் திட்டிக்கொள்வேன். அன்றும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, "ஊதுங்க. உறிஞ்சாதீங்க, ஊதுங்க" என்றேன். ஒருத்தன் உறிஞ்சினான். அவனை வாய் கொப்பளிக்க அனுப்பிவிட்டுத் திரும்பினால் எல்லா டியூபும் வெளுத்திருந்தது. எல்லோரும் ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பதில் வந்தாயிற்று, இனி எதற்கு மூச்சை வீணாக்க வேண்டும்?

கடைசிப் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் ஊதிக்கொண்டே இருந்தாள். அவள் அப்பா சிம்மக்கல்லில் வெங்காய மூட்டை ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுபவர். எல்கேஜியிலேயே அரசு ஒதுக்கீட்டு இடத்தில் இந்தப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை. அந்த ஒதுக்கீடு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்குச் சலுகையில் சேர்த்துக்கொள்வதா, டீசியைக் கையில் கொடுத்து அனுப்புவதா என்பது பிரின்சிபால் இஷ்டம். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்டுவதற்காக, மார்க் குறைந்த பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பு வாசலிலேயே கழித்துவிடுவது அங்கே வருடா வருடம் நடப்பதுதான். இவள் நாற்பது மார்க் பிள்ளை. டியூஷன் கிடையாது. ஊதினால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மட்டும் உண்மையாகவே தெரியாது.

"மிஸ், வெளுத்தது போயிருச்சு."

வகுப்பு சிரித்தது. முதல் ரேங்க் பையன் எழுந்து, "தண்ணி ஊத்திருப்பா மிஸ்" என்றான். நான் போய்ப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர். நிறுத்தாமல் ஊதினால் பால் போல வெளுத்தது மறுபடி தெளியும் என்பது கல்லூரியில் வேதியியல் படித்த எனக்குத் தெரியும். ஆனால் பாடப்புத்தகம் வெளுத்த இடத்தோடு நின்றுவிடும். புத்தகத்தைத் தாண்டி ஒருத்தி ஊதிப் பார்த்து, பார்த்ததை வாய்விட்டுச் சொன்னது அந்தப் பள்ளியில் நான் கண்ட முதல் அறிவியல்.

"எல்லாரும் ஊதுங்க. நான் சொல்ற வரைக்கும் நிப்பாட்டக்கூடாது."

கன்னம் உப்பி, கண் பிதுங்கி, பிள்ளைகள் ஊதினார்கள். ஒவ்வொரு டியூபாகத் தெளிந்தது. ஒரே கூச்சல். மூன்று பேர் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கத்தியிருப்பேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. முதல் ரேங்க் பையன் மட்டும் அழுதான். "அப்ப எக்ஸாம்ல எதை எழுதுறது மிஸ்?" என்று கேட்டான்.

மறுநாளே அவன் அப்பா பிரின்சிபாலிடம் வந்துவிட்டார். அவர் போனதும் எனக்கு அழைப்பு வந்தது. பிரின்சிபால் அம்மா குரலை உயர்த்தாத மனுஷி. சிரித்துக்கொண்டேதான் கழுத்தைத் திருகுவார்.

"மிஸ், அது சிலபஸ்ல இருக்கா?"

"உலகத்துல இருக்கு மேடம்."

"அது பிளஸ் ஒன்ல வரும். வரும்போது வரட்டும். பிள்ளைங்களக் குழப்பாதீங்க."

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஏப்ரலில், பரீட்சை முடிந்ததும், அட்மிஷன் சீசனுக்காக ஒரு கண்காட்சி வைப்பார்கள். அக்கம்பக்கத்துப் பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பள்ளியைக் காட்டுகிற நாள் அது. அந்த வருடம் தாளாளருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. தாளாளர் என்பவர் முன்னால் சிம்மக்கல்லில் மஞ்சள் மொத்த வியாபாரம் பார்த்தவர். சரக்கைவிட சாக்கின்மேல் அடிக்கிற முத்திரை முக்கியம் என்பதை அங்கே கற்றுக்கொண்டவர். மேடையில் பிள்ளைகளே ஆராய்ச்சி செய்து, பிள்ளைகளே உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒத்திகை பார்க்க வேண்டும்.

கண்டுபிடிப்புக்கு ஒத்திகை! இதை நான் வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இரண்டு வாரம் நடந்தது. யார் சந்தேகம் கேட்பது, யார் யோசிப்பதுபோல் தாடையில் கை வைப்பது, பிரின்சிபால் கர்ச்சீப்பை உயர்த்தினால் எல்லோரும் எப்படி ஆச்சரியப்படுவது என்று எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "இன்னும் நேச்சுரலா ஆச்சரியப்படுங்க" என்று ஒருத்தியை ஏழெட்டுத் தடவை ஆச்சரியப்பட வைத்தார்கள். சோதனை எது தெரியுமா? அதே சுண்ணாம்புத் தண்ணீர்.

"ஒரு குறை இருக்கு மிஸ்" என்றார் பிரின்சிபால். "எல்லாரும் கரெக்டாச் சொன்னா நல்லா இருக்காது. ஹைபாதிசிஸ்னு ஒண்ணு வேணும்ல. தப்பான பதில் சொல்ல ஒரு பிள்ளை வேணும்."

"ஃபர்ஸ்ட் ரேங்க் பையனையே சொல்லச் சொல்லலாமே. நல்லா ஒப்பிப்பான்."

"அவங்க அப்பா சும்மா விடுவாரா? அந்த லோடு ஆட்டோக்காரர் பொண்ணு இருக்கால்ல, அவ சொல்லட்டும். முகமும் அதுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு."

வீட்டுப் பாஷை என் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார். "நல்லபடியாச் சொல்லிட்டான்னா ஒன்பதாவது சீட்டை நான் பாத்துக்கறேன். அவங்க அப்பா கிட்டயும் சொல்லிட்டேன்." இதற்குமேல் நான் என்ன சொல்ல முடியும்? அவள் அப்பா மறுநாள் காலையில் லோடு வண்டியைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு, "பிள்ளைய மேடைல ஏத்துறாகளாம் மிஸ், பெரிய மனசு" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். என்ன வேஷம் என்று அவருக்குச் சொல்லவில்லை போல.

அவளுக்கு இரண்டே வரிகள். முதலில், "நத்திங் வில் ஹேப்பன் சார்." முடிவில் தலையைக் குனிந்து, "ஐ வாஸ் ராங் சார்." ஒத்திகை முடிந்து ஒருநாள் அவள் என்னிடம் வந்தாள்.

"மிஸ், நான் அப்படி நினைக்கலையே. ரெண்டு தடவ மாறும்னு எனக்குத் தெரியுமே."

"தெரியும்டி. உன் சீட்டுக்காகச் சொல்லு. எனக்கும்தான் வயிறு எரியுது."

கண்காட்சி நாள் வந்தது. ஷாமியானா, சவுண்டு செட்டு, நுழைவாயிலில் சந்தனம், கல்கண்டு. முன்வரிசையில் அட்மிஷனுக்கு வந்த பெற்றோர்கள். அவள் அப்பா வெளுத்துத் தேய்த்த சட்டையோடு கடைசியில் நின்றார். சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு வந்து மேஜை முன்னால் நின்றார். சந்தேகம் கேட்க வேண்டியவன் சந்தேகம் கேட்டான். தாடையில் கை வைக்க வேண்டியவள் வைத்தாள். இவள் "நத்திங் வில் ஹேப்பன் சார்" என்றாள். கூட்டம் எதிர்பார்த்தபடி மெல்லச் சிரித்தது. விருந்தினர் ஸ்ட்ராவை வாயில் வைத்து, சின்னக் குடுவையில் இருந்த தண்ணீரில் ஊத ஆரம்பித்தார்.

தண்ணீர் வெளுத்தது. அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர், "சார், மாலை மறைக்குது, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார். பிரின்சிபால் ஓடிப்போய் மாலையைச் சரிசெய்தார். "ஊதிக்கிட்டே இருங்க சார். இன்னொண்ணு. தாளாளர் சாரும் வரட்டும். ரெண்டு பேரும் ஊதுங்க." தாளாளருக்கு ஒரு ஸ்ட்ரா. பிறகு வீடியோ. பிறகு தாளாளரின் மருமகன் செல்போனில் ரீல்ஸ் எடுக்க வேண்டும் என்று மறுபடி முதலிலிருந்து. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே குடுவையில் தலையை மோதிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் முயன்றுகொண்டு, ஊதினார்கள், ஊதினார்கள். பிரின்சிபால் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். குடுவையைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி, அவள் ஒருத்தி.

போட்டோக்காரர் கட்டை விரலை உயர்த்தியதும் பிரின்சிபால் கர்ச்சீப்பை உயர்த்தினார்.

"இட் டர்ன்ட் மில்க்கி சார்!" என்று வகுப்பே கத்திக் கைதட்டியது. ஆச்சரியம் பிரமாதமாக வந்திருந்தது. குடுவையில் குழாய்த் தண்ணீரைப் போலத் தெளிந்த தண்ணீர்.

விருந்தினர் குடுவையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த சீட்டில் அடுத்து எழுதியிருந்ததைக் கேட்டுவைத்தார். "என்ன பாப்பா, உன் பதில் தப்புதானே?"

அவள் குடுவையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மேடையில் பிரின்சிபாலின் உதடுகள் 'ஐ வாஸ் ராங்' என்று சத்தமில்லாமல் அசைந்தன.

"தப்புதான் சார்" என்றாள். "ஆனா அவங்க சொல்றதும் தப்பு சார். முதல்ல பால் மாதிரி ஆச்சு. நீங்க நிப்பாட்டாம ஊதுனீங்கல்ல, அதான் மறுபடி தெளிஞ்சிருச்சு."

கூட்டத்தில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். அது பரவியது. நான் மைக்கைப் பிடித்து, "அவ சொல்றது சரிதான் சார்" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் மைக்கை அணைத்துவிட்டார்கள். விருந்தினர் கேசரிகூடச் சாப்பிடாமல் காரில் ஏறிப் போனார். தாளாளர் என்னைப் பார்த்த பார்வையை, சரக்கில் வண்டு கண்ட வியாபாரியிடம்தான் பார்க்க முடியும்.

மறுநாள் அவளையும் அவள் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு டெஸ்ட் டியூபில் சுண்ணாம்புத் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் எடுத்துக்கொண்டு போனேன்.

பிரின்சிபால் ஒரு வெள்ளைத்தாளை மேஜையில் தள்ளினார். தண்ணீர் தெளியவில்லை, கூட்டத்தில் நான் பொய் சொன்னேன், மன்னிக்கவும் என்று அவள் எழுத வேண்டும், அதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். எழுதினால் ஒன்பதாவது சீட், இல்லாவிட்டால் டீசி.

"நடந்ததை நடக்கலைன்னு எழுதச் சொல்றீங்களே, நீங்கள்லாம் எதுக்கு ஸ்கூல் நடத்துறீங்க?" என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டேன். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது.

"மிஸ், உங்க விஷயத்தைத் தாளாளர் தனியாப் பேசுவார்" என்றார் சிரித்துக்கொண்டே.

அவள் அப்பாவுக்கு இந்தச் சண்டை எதுவும் வேண்டாம். வரும்போதே மன்னிப்புக் கேட்கும் முகத்தோடுதான் வந்திருந்தார். "எழுதிக் குடுத்துட்டு வா கழுத. இம்புட்டு வாய் எங்க இருந்து வந்துச்சு உனக்கு?"

"ஊதிப் பாத்துட்டு எழுதறேன்ப்பா" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெளியலைன்னா எழுதித் தாரேன்."

நான் டியூபை பிரின்சிபால் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, "எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்ல" என்றார்.

"குடுங்க, நானே ஊதுறேன்" என்று அப்பா கோபத்தோடு டியூபை எடுத்தார். மகள்மேல்தான் கோபம். "ஒண்ணும் ஆகலைன்னு பாத்துட்டு ஒழுங்கா எழுதிக் குடுக்கணும், ஆமா." ஸ்ட்ராவை வாயில் வைத்து ஊதினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெளுத்தது. வாயை எடுத்துவிட்டு, பெரிய நிம்மதியோடு, "பால் மாதிரி ஆயிருச்சே! மேடம் சொன்னதுதான சரி" என்றார்.

"இன்னும் ஊதுங்கப்பா."

"அதான் ஆயிருச்சேத்தா."

"நிப்பாட்டாதீங்கப்பா. ஊதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி ஊதினார். மூட்டை தூக்கிப் பழகிய நெஞ்சு, மூச்சு நீளமாக வந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. அந்த அறையில் குமிழிகளின் சத்தமும் பிரின்சிபால் கீபோர்டில் தட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டன. நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கிக்கொண்டார். கடைசியில் வாயை எடுத்து, டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் நின்ற லோடு வண்டி அதன் வழியாகத் தெரிந்தது.

"அட" என்றார். அவ்வளவுதான். பிறகு மேஜை அருகே போய், "மேடம், தெளிஞ்சிருச்சு. பாருங்க" என்றார்.

"நான் பாக்கணும்னு அவசியம் இல்ல."

"இங்கனதான் இருக்கு மேடம். தலையத் தூக்குனாப் போதும்."

அவர் தூக்கவில்லை. கண்ணை மானிட்டரில் வைத்துக்கொண்டு, "எழுதப் போறாளா இல்லையா?" என்றார்.

அவள் அப்பா டியூபை மகள் கையில் கொடுத்தார். வரும்போது இருந்த முகம் இப்போது இல்லை. "என் கண்ணால பாத்துட்டேன். இனிமே இல்லைன்னு எப்பிடி எழுதுறது? டீசியக் குடுங்க" என்றார்.

அந்த இடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆத்திரம்தான் இருந்தது. ஒரு வார்த்தை பொய் எழுதாததற்காக ஒரு பிள்ளை பள்ளியை இழக்க வேண்டும், அதைப் பார்த்து டீச்சர் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டுமா? எல்கேஜியிலிருந்து கூடப் படித்த தோழிகள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். வாசலுக்கு வரும் வரை அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அந்தப் பேனரில் இருந்த பூதக்கண்ணாடிப் பிள்ளை அவளையும் அதே பெரிய கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. எதையாவது எடுத்து அதைக் கிழித்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

அப்பா வண்டியைக் கிளப்பினார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் டியூப் இன்னும் தன் கையில் இருப்பதை அவள் பார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மிஸ், இன்னும் ஊதுனா மறுபடி பால் மாதிரி ஆகுமா?"

பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். "ஊதிப் பாரு. ஆகலைன்னா கிடுக்கியில பிடிச்சு அடுப்புல காட்டிப் பாரு. என்ன ஆகும்னு முதல்ல நீயே யோசிச்சு வச்சுக்க."

வண்டி திரும்பித் தெப்பக்குளம் பக்கம் போனது. டியூபை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் உள்ளே வந்ததும் பிரின்சிபால் கேட்டார். "டெஸ்ட் டியூப் எங்க மிஸ்? அது ஸ்கூல் சொத்து."

"உடைஞ்சுபோச்சு மேடம்."

நடக்காத ஒன்றை நடந்ததாக நான் அந்தப் பள்ளியில் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவர் உடனே நம்பிவிட்டார். உடைந்த துண்டு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.